அப்பா பேரில் ஒரு பொய்

என் மகள் ஒரு நாள் என்னை நர்சம்மா என்று கூப்பிட்டாள். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. படிப்பு முடிவதற்கு முன்னாலேயே என்னை நர்சம்மா ஆக்கிவிட்டார்கள். மூன்று வயசுப் பிள்ளை காதில் விழுந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டுப் பின்பக்கம் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். எனக்கு அழுவதைவிடக் கோபப்படுவது சுலபம், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

நான் பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ஜவ்வாது மலையில்தான். ஜமுனாமரத்தூரில் ஷேர் ஜீப் பிடித்து, இறங்கி, இன்னும் அரை மணி நேரம் நடந்தால் எங்கள் வீடு. மகளுக்கு ஒன்றரை வயசாகும்போது எனக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷம், வேலூர்ப் பக்கம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? மாமியார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. என் அம்மா முட்டிவலியில் எழுந்து நடமாடுவதே பெரும்பாடு. எங்கள் மலையில் சாமை அறுத்துப் போட்ட கையோடு ஆம்பளைகள் குடகுக்கோ கேரளாவுக்கோ மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரரும் அந்த வருஷம் பையைக் கட்டி வைத்திருந்தார். நான் லெட்டரைக் காட்டினதும் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பையைப் பிரித்துத் துணிகளை எடுத்துக் கொடியில் போட்டார். நீ போய்ப் படி, புள்ளய நான் பாத்துக்கறேன் என்றார். இதற்கு மேல் எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை.

பால்குடியை மறக்கடிக்க நான் மார்பில் வேப்பெண்ணெய் தடவினேன். அவள் வாயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை மறக்க முடியாமல்தான் ஹாஸ்டலில் முதல் மாதம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் பயந்ததெல்லாம் வீண். என் பழைய சேலையால் அவளை முதுகில் கட்டிக்கொண்டு களை எடுத்தார். புளியம்பழம் உலுக்கப் போனால் மரத்தடியில் பாயைப் போட்டு உட்கார வைத்தார். சாமைச் சோற்றைக் குழையப் பிசைந்து, ரசம் ஊற்றி, ஊதி ஊதி ஊட்டினார். பால்வாடியில் தாய்மார் கூட்டம் என்றால் இருபது பொம்பளைகளுக்கு நடுவே இவர் ஒருத்தர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார். மிளகுக்குப் போய்வந்த சேக்காளிகள் கிண்டல் பண்ணினார்கள். பொண்டாட்டி வேலைக்கு, புருஷன் தொட்டிலுக்கு என்று ஒருத்தன் டீக்கடையில் பாட்டாகவே பாடினானாம். இவருக்கு ரோஷமே வரவில்லை. எனக்குத்தான் வந்தது. ஆனால் அந்த ரோஷம் அந்தப் பாட்டுப் பாடினவன்மேல் வந்ததா, இவர்மேல் வந்ததா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் மாதத்துக்கு ஒரு தடவை, முடிந்தால் இரண்டு தடவை வருவேன். கையில் பை இருக்கும். பையில் பிஸ்கட், கேக், கிளிப்பு, ஒரு கவுன். ஓடிவருவாள் என்று ஜீப்பை விட்டு இறங்கினதிலிருந்து மனசு அடித்துக்கொள்ளும். அவள் அப்பா காலுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பாள். அவர் முன்னால் தள்ளிவிட்டால்தான் வருவாள். பையை வாங்குவாள், மறுபடி அவர் பின்னாலேயே போய்விடுவாள். ஓடும்போது விழுந்தால், கையெட்டும் தூரத்தில் நான் நின்றாலும், அப்பா என்றுதான் கத்துவாள். அவள் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. இன்னா கண்ணு, இன்னா சொல்ற என்று நான் நாலு தடவை கேட்டால், அவர் அங்கிருந்தபடியே, அவளுக்குத் தண்ணி வேணுமாம் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் இவர் என்ன மொழிபெயர்ப்பா பண்ணுகிறார்?

ஒரு நாள் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, ஒழுங்கா பால்வாடிக்குப் போறியா, நம்பர் சொல்லு பாக்கலாம் என்று அதட்டினேன். அவள் நெளிந்தாள். அந்த அதட்டல் எனக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. என் நைனாவுடைய குரல். நாங்கள் எல்லாம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வருஷத்துக்கு இரண்டு முறை எஸ்டேட்டிலிருந்து வருவார். கையில் பை இருக்கும், அதில் வறுக்கியும் ஒரு முழத்துணியும் இருக்கும். நாங்கள் அம்மா பின்னால் ஒளிந்துகொள்வோம். ஒழுங்கா படிக்கிறீங்களா என்று ஒரு அதட்டு. பிறகு குப்புறப் படுத்துத் தூங்குவார். அவர் போன அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் மூச்சு விட்ட மாதிரி இருக்கும். அது அவர் தப்பு என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த வீட்டில் நைனா நான்தான். என் வீட்டுக்காரர் அம்மாவாகிவிட்டார், நான் நைனாவாகிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வெறி. படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், பிள்ளையை என்கூடக் கொண்டுபோய்விட வேண்டும். என் பிள்ளை என்னை அம்மாவாகப் பார்க்க வேண்டும். வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. ஊசி போடக் கற்றுக்கொடுக்கும்போதுகூட அதே நினைப்புத்தான்.

வேலை செங்கம் பக்கத்தில் ஒரு ஊரில் கிடைத்தது. துணை சுகாதார நிலையம், அதன் பின்னாலேயே ஒரு ரூம், சமையல்கட்டு. முதல் வாரமே மலைக்குப் போனேன். பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை. காட்டை விட்டுவிட்டு நானும் வர முடியாது, அறுப்பு முடியட்டும், மூணு பேருமா போகலாம் என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு வருஷம் நீங்கள் வைத்துக்கொண்டீர்கள், இனி என் முறை என்றேன். பிள்ளை என்ன பம்பரமா, முறை போட்டு விளையாட? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. அவர் கொஞ்ச நேரம் புடைத்தார். சரி, கூட்டிப் போ என்றார்.

ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், அப்பா வரவில்லை, நீ அம்மாகூடப் போகிறாய், அறுப்பு முடிந்ததும் வருவேன் என்று தானே உட்கார வைத்துச் சொல்வேன் என்றார்.

எங்கள் பக்கம் அப்படிச் செய்வதில்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு பிரியக் கூடாது. சொல்லிவிட்டுப் போனால் ஏக்கம் பிடித்துக்கொள்ளும், காய்ச்சல் வரும், பிள்ளை தேறாது என்பார்கள். எஸ்டேட்டுக்குக் கிளம்பும் அப்பன்கள் எல்லாரும் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பும்போது நழுவிவிடுவார்கள். என் நைனாவும் அப்படித்தான் போவார். நான் ஹாஸ்டலுக்குப் போனதும் அப்படித்தான். இரண்டு வருஷம் நர்ஸ் படிப்புப் படித்தவள் நான். ஏக்கக் காய்ச்சல் என்று ஒன்று இல்லை என்று பரீட்சையில் எழுதினால் மார்க் போடுவார்கள். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. அவர் சொன்னால் அவள் போக மாட்டேன் என்பாள், அவர் மனசு மாறிவிடும், இது எனக்கு நிச்சயம். அதனால், சொல்லிட்டு அனுப்பினா ஏக்கம் புடிச்சிக்கும், புள்ள மேல ஆசை இருந்தா வாய மூடுங்க என்றேன்.

"நான் அவகிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல" என்றார்.

"நீங்க இன்னா பொய் சொல்றீங்க? சும்மா இருக்கப் போறீங்க, அவ்ளோதானே?"

திங்கட்கிழமை காலையில் மூன்று பேருமாக பைக்கில் ஜமுனாமரத்தூர் வந்தோம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புது கவுன், பஸ், அம்மா வீட்டைப் பார்க்கப் போகிறோம். பஸ் வந்ததும், அதோ அந்தக் கடைக்குப் பின்னால் போய் நில்லுங்கள், பஸ் கிளம்புகிற வரைக்கும் வெளியே வரக் கூடாது என்று அவர் காதில் சொன்னேன். போனார். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் அவளை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தேன்.

பஸ் நகர்ந்ததும் கேட்டாள். அப்பா எங்கே? அப்பா பின்னால் வண்டியில் வருகிறார் என்றேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் சொன்னால் போதாது அவளுக்கு.

"அப்பா சொன்னாரா?"

"ஆமா கண்ணு, அப்பாதான் சொன்னாரு. நம்ம போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடறேன்னாரு."

உடனே அடங்கிவிட்டாள். அப்பா சொன்னால் சரி. மலை இறங்குகிற வழி முழுக்க, ஒவ்வொரு வளைவிலும் சீட்டில் முட்டி போட்டு ஏறி, பின்பக்கம் தெரிகிற ரோட்டைப் பார்த்தாள். இரண்டு மூன்று பைக் வந்தது. ஒவ்வொன்றையும் கிட்ட வருகிறவரை பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டாள். அழவே இல்லை. நல்லவேளை அழவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். கன்று போட்ட மாட்டுக்குக்கூட என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கும்.

செங்கம் வந்து பஸ் மாறி, ஊர் வந்து சேர்ந்தோம். அன்றைக்குச் சாயந்திரம் வரைக்கும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பைக் சத்தம் கேட்டால் எழுந்திருப்பாள். இட்லி வாங்கி வந்தேன், வேண்டாம் என்றாள். செல்லில் பொம்மைப் படம் போட்டுக் கொடுத்தேன், பார்த்தாள், பைக் சத்தம் கேட்டால் அதை வைத்துவிட்டு எழுந்தாள். மறுநாளும் அதேதான். நான் வீடு வீடாகப் போக வேண்டிய நாள். கர்ப்பமாக இருக்கிற பெண்கள், தடுப்பூசி போட்ட குழந்தைகள் எல்லாரையும் பார்க்கணும். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன். உம்பொண்ணா நர்சம்மா, உன் சாடையே இல்லியே என்றாள் ஒருத்தி. அவளுக்குப் பிரஷர் பார்க்கும்போது பட்டையைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன்.

அவர் தினமும் போன் பண்ணினார். நன்றாக விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்றேன். ஏக்கமாக இருக்கிறாளா என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். இரண்டாம் நாள் போனை அவள் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அவர் குரல். அவள் போனைத் தள்ளிவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குக் குளுகுளு என்று இருந்தது. அவரைத் தள்ளிவிட்டு என்னிடம் வந்தாளே. அவர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் கட் பண்ணிவிட்டேன். டவர் இல்லை என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் அவள் படியில் உட்காரவில்லை. பைக் போனாலும் எழுந்திருக்கவில்லை. மதியம் தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடுகிறது. நூற்றியொன்று. தொண்டையைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், சளி இல்லை, இருமல் இல்லை, ஒண்ணுக்குப் போகிறாள். செங்கத்துக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, மருந்து கொடுங்கள், பாருங்கள் என்றார். மருந்து கொடுத்தால் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. எங்கள் சென்டரைப் பெருக்குகிற பெண், என் வயசுதான் இருக்கும், துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து பார்த்தாள். ஏக்கம்மா இது, அவங்கப்பன் கட்ன துணி எதுனா கீதா, போத்தி படுக்க வையி என்றாள். போம்மா, நீ உன் வேலையப் பாரு என்று எரிந்து விழுந்தேன். அவள் போனதும் பையைக் கொட்டித் தேடினேன். அவர் துண்டு ஒன்று இருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் நானே சோப்புப் போட்டு அலசி மடித்து வைத்தது. மோந்து பார்த்தேன், சோப்பு வாசனைதான் வந்தது. அவளுக்கு அதைப் போர்த்தினேன். தள்ளிவிட்டாள்.

நாலாம் நாள் விடிந்ததும் போன் பண்ணினேன். காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் இன்னும் வாயை மூடவில்லை, அவர் வண்டிச் சாவி எடுக்கிற சத்தம் கேட்டது.

மதியத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். சட்டையெல்லாம் புழுதி, அறுப்பைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார். நான் அவளை இடுப்பில் வைத்து, வாசலில் நின்று கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தி இறங்கி, இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி என் தோளில் புதைத்தாள். இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் பிறந்து இத்தனை வருஷத்தில், என்னை அவள் அப்படிக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவர் கை அப்படியே நீண்டபடி நின்றது. இன்னா கண்ணு, அப்பா வந்துகிறேன் பாரு என்றார். அவள் திரும்பவில்லை. பின்பக்கமாகச் சுற்றி வந்து அவள் முகத்தைப் பார்க்கப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கைச் சுருக்கி முயல் மாதிரி பண்ணிக் காட்டினார். மலையில் அதைப் பண்ணினால் விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது என் கழுத்தில்தான் பிடி இறுகியது.

டீ போட்டுக் கொடுத்தேன், ஒரு கையாலேயே. அவளை இறக்கிவிட எனக்கு மனசில்லை. அவர் படியில் உட்கார்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை. நான் எதனா பண்ணிட்டேனா என்று என்னைக் கேட்டார். சூடு இறங்கின அவள் கன்னம் என் கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாள், எத்தனை பஸ், எத்தனை பை நிறைய பிஸ்கட். இதற்குத்தானே அத்தனையும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவள் எனக்குத்தான். அவருக்குத் தெரியப் போவதில்லை. அவளுக்கும் இது மறந்துபோகும். அப்பா பொய் சொன்னார் என்பது மட்டும் எங்கேயோ உள்ளே தங்கிவிடும்.

அவர் எழுந்தார். "பழகிட்டா போலகீது. நல்லதுதான். நீ நெனச்சதுதானே. அறுப்பு பாதில கீது, நான் வர்றேன்" என்றார். செருப்பை மாட்டினார். இடது காலில் வலது செருப்பைப் போட்டுவிட்டு, கழற்றி மாற்றிப் போட்டார்.

என்னால் முடியவில்லை. நான் கோபக்காரி, பொறாமைக்காரி, எல்லாம்தான். ஆனால் அந்தச் செருப்பை அவர் மாற்றிப் போட்டதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கண்ணு, இங்க பாரு. அப்பா வர்றேன்னு சொல்லல. அம்மாதான் பொய் சொன்னேன்."

அவள் தலையைத் தூக்கினாள். கஞ்சி ஒட்டின வாயோடு என் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"அப்பா சொல்லலியா?"

"சொல்லல. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது."

அவர் வாசலில் அப்படியே நின்றார். என்ன நடந்தது என்று அப்போதுதான் அவருக்கும் தெரிந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

என் கழுத்திலிருந்து முதலில் ஒரு கை எடுத்தாள், பிறகு இன்னொரு கை. இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். அவர்கிட்டே போய் அவர் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அந்தக் காலையே கட்டிக்கொண்டு, நாலு நாளாக அழாத அழுகையெல்லாம் அழுதாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் அங்கேயும் இங்கேயும் நடந்தார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றேன்.

சாயந்திரம் காய்ச்சல் இல்லை. அவள் அவர்கூடப் போவது என்று யாரும் சொல்லாமலேயே முடிவாகிவிட்டது. அறுப்பு முடிந்ததும் மூன்று பேருமாக இங்கே வருவோம் என்று அவர் என்னிடம் சொன்னார். அவளிடமும் அதையே உட்கார வைத்துச் சொன்னார். வண்டியில் முன்னால் உட்கார வைத்துத் துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டினார். நான் கிட்டே போகவில்லை. என்னைப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அவர் வண்டியைக் கிளப்பும்போது, இரு என்று அவர் கையைத் தட்டினாள். கழுத்தை நீட்டி என்னைத் தேடினாள். கோபமில்லை அவள் முகத்தில். சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்கள் எடுத்துச் சொல்வது போல, நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, நாங்க வூட்டுக்குப் போறோம். இன்னிக்கு வரமாட்டோம், நாளைக்கும் வரமாட்டோம். நீ படில ஒக்காந்து பாத்துனு இருக்காத."